நீருக்கடியில் ஒரு படம்: தொடக்கநிலையினருக்கான சில பாடங்கள்



“உன் சாதகத்தில் நீரில் கண்டம் இருக்கிறது” என்று சொல்லிச் சொல்லியே அம்மா என்னை வளர்த்தார். பள்ளிச் சுற்றுலாக்களில் நண்பர்கள் அருவியில் குளிக்கும்போது நான் கரையில் அமர்ந்து அவர்களுடைய காலணிகளுக்குக் காவல் இருப்பேன். பதினெட்டு வயது வரை என் கணுக்காலுக்கு மேல் கடல்நீர் ஏறியதில்லை. அப்படிப்பட்ட நான் நீருக்கடியில் படம் எடுப்பதைப் பற்றிப் பாடம் சொல்ல வந்திருப்பது என் வீட்டாருக்கு இன்னும் வியப்பாகத்தான் இருக்கிறது.

இந்தக் கட்டுரை தேர்ந்த ஒளிப்படக் கலைஞர்களுக்காக எழுதப்பட்டதன்று. கையில் ஒரு சிறிய மின்னியல் கேமராவும், பருவ விடுமுறையில் ஏதேனும் ஒரு தீவுக்குப் போகும் எண்ணமும் உள்ள மாணவர்களுக்காக எழுதுகிறேன். நான் செய்த தவறுகளையும் மறைக்காமல் சொல்கிறேன். அவற்றுள் ஒரு தவறுக்கு நான் பணத்தால் விலை கொடுத்தேன். மற்றொரு தவறுக்கு விலை கொடுத்தது நான் அல்ல. கடலில் வாழும் ஓர் உயிர்.

1. முதலில் நீச்சல், பிறகு கேமரா

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று பெரியவர்கள் சொல்வார்கள். நீருக்கடியில் படம் எடுக்க விரும்புபவருக்கு இதைவிடப் பொருத்தமான அறிவுரை இல்லை. முதலாம் ஆண்டில் வளாக நீச்சல்குளத்தில் வாரம் இரண்டு மாலை வேளைகளில் நீந்தக் கற்றுக்கொண்டேன். இருபத்தைந்து மீட்டர் குளத்தை நிற்காமல் நான்கு முறை கடக்க எனக்கு ஐந்து மாதங்கள் பிடித்தன.

2022-ஆம் ஆண்டு ஜூலை மாதம் நண்பர்கள் ஆறு பேருடன் திரெங்கானு மாநிலத்தின் பெர்ஹெந்தியான் தீவுக்குச் சென்றேன். கோலாலம்பூரிலிருந்து இரவுப் பேருந்தில் கோல பெசுட் சென்று, அங்கிருந்து விரைவுப் படகில் தீவை அடையலாம். கிழக்குக் கரைத் தீவுகளுக்குச் செல்ல ஏற்ற காலம் ஏறக்குறைய மார்ச் முதல் அக்டோபர் வரை. நவம்பர் முதல் வடகிழக்குப் பருவமழையால் கடல் கொந்தளிப்பாக இருக்கும். தங்கும் விடுதிகள் பலவும் மூடப்பட்டிருக்கும். நீரும் கலங்கிவிடுவதால் படம் எடுக்கவும் அது உகந்த காலமன்று.

எங்களை அழைத்துச் சென்ற மூத்த மாணவரை நாங்கள் அண்ணன் என்றே அழைப்போம். படகிலிருந்து இறங்கியதும் அவர் என்னிடம், “தம்பி, கேமராவ ரூம்ல வச்சிட்டு வா. இன்னிக்குச் சும்மா மிதந்து பழகு” என்றார். முதல் நாள் அவர் சொன்னபடி செய்தேன். இரண்டாம் நாள் காலையிலேயே பொறுமை இழந்து கேமராவை எடுத்துக்கொண்டேன். அன்று செய்த இரண்டு தவறுகள்தாம் இக்கட்டுரைக்குக் காரணம்.

பாதுகாப்பு பற்றி மூன்று செய்திகளை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒன்று, தனியாக நீரில் இறங்காதீர்கள். உங்கள்மீது கண் வைத்திருக்க ஒரு துணை வேண்டும். இரண்டு, மூச்சடக்கி மூழ்குவதற்கு முன் வேகவேகமாகப் பலமுறை மூச்சை இழுத்து விடாதீர்கள். அப்படிச் செய்தால் மூச்சு முட்டும் உணர்வு தோன்றுவதற்கு முன்பே நினைவு தப்பிவிடக்கூடும். மூன்று, காற்றுக்கலன் பூட்டி முக்குளிக்க முறையான பயிற்சியும் சான்றிதழும் தேவை. அவ்வாறு முக்குளிப்பவர் படம் எடுக்கும் அந்த ஒரு நொடிக்காகக்கூட மூச்சை அடக்கக்கூடாது. இக்கட்டுரையில் நான் சொல்வதெல்லாம் முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் அணிந்து, மேற்பரப்பிலிருந்து மூன்று மீட்டர் ஆழத்துக்குள் எடுக்கும் படங்களைப் பற்றியே. தொடக்கநிலையினருக்கு அந்த ஆழம் போதும். நல்ல வெளிச்சம் கிடைப்பதும் அங்கேதான்.

2. எந்தக் கேமரா?

1893-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டு உயிரியலாளர் லூயி பூத்தான் கடலடியில் படம் எடுத்தபோது அவருடைய கருவியைத் தூக்கி இறக்கவே ஆட்கள் தேவைப்பட்டனர். 1963-இல் நிக்கோன் நிறுவனம் நிக்கோனோஸ் என்னும் நீர்புகாக் கேமராவை வெளியிட்ட பிறகு வேலை எளிதானது. ஆனால், படச்சுருளில் முப்பத்தாறு படங்கள் எடுத்ததும் கரைக்கு வந்துவிட வேண்டும். படம் எப்படி வந்திருக்கிறது என்பதும் சுருளைக் கழுவிய பின்னரே தெரியும். மின்னியல் கேமரா நமக்குத் தந்த பெரிய நன்மை, எடுத்த படத்தை அங்கேயே பார்த்துத் தவற்றைத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பாகும்.

நம் முன் இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, தானே நீர் புகாதபடி செய்யப்பட்ட சிறு கேமரா. ஒலிம்பஸ் டிஜி-6, அதன் பின் 2023-இல் ஓஎம் சிஸ்டம் பெயரில் வந்த டிஜி-7 ஆகியவை 15 மீட்டர் ஆழம் வரை தாங்கும் என்று அறிவிக்கப்பட்டவை. இரண்டாவது, சாதாரணச் சிறு கேமராவை அதற்கென்றே செய்த நீர்புகாக் கூட்டுக்குள் வைத்துப் பயன்படுத்துவது. இத்தகைய கூடுகளுள் பல 40 மீட்டர் வரை தாங்கக்கூடியவை. ஆனால், ஒரு கூடு ஒரு குறிப்பிட்ட மாடலுக்கு மட்டுமே பொருந்தும். ஆகவே, பழைய கேமராவை வாங்குபவர் அதற்குரிய கூடும் சேர்ந்து கிடைக்கிறதா என்று பார்த்த பின்னரே பணத்தைக் கொடுக்க வேண்டும்.

நான் இரண்டாவது வழியைத் தேர்ந்தேன். பகுதிநேர வேலையில் சேர்த்த 380 ரிங்கிட்டுக்கு, 10 மெகாபிக்சல் கேமரா ஒன்றும் அதன் கூடும் பழைய பொருளாகக் கிடைத்தன. பத்தாண்டுக்கு மேல் பழையதாயினும் அதில் எனக்குத் தேவையான மூன்று வசதிகள் இருந்தன. அகலக் கோணத்தில் எடுக்கலாம்; வெண்சமநிலையை நாமே அமைக்கலாம்; படத்தை ரா எனப்படும் மூலவடிவில் சேமிக்கலாம். மெகாபிக்சல் எண்ணிக்கையைவிட இம்மூன்றும் முக்கியமானவை.

3. ஒரு தலைமுடியின் கதை

கூட்டின் கதவைச் சுற்றி மெல்லிய ரப்பர் வளையம் ஒன்று இருக்கும். அதை ஓ-வளையம் என்பர். கேமராவுக்கும் கடலுக்கும் நடுவே நிற்கும் ஒரே காவல் அதுதான். அதன் மீது ஒரு மணல்துகளோ ஒரு நூலிழையோ படிந்திருந்தாலும் நீர் அவ்வழியே உள்ளே வந்துவிடும்.

அன்று காலை நான் கடற்கரையில் நின்றுகொண்டே கூட்டை மூடினேன். காற்று அடித்துக்கொண்டிருந்தது, தலை ஈரமாக இருந்தது. நீரில் இறங்கி இருபது நிமிடங்கள் கழித்துத் திரையைப் பார்த்தபோது, கண்ணாடிக்கு உள்ளே நீர் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. கரைக்கு ஓடி வந்து திறந்தேன். ஓ-வளையத்தின் குறுக்கே ஒரு தலைமுடி கிடந்தது. அது என்னுடையதேதான். மின்கலத்தையும் நினைவட்டையையும் உடனே கழற்றினோம். நினைவட்டையை நன்னீரில் அலசி இரண்டு நாள் உலர வைத்தோம், அது பிழைத்துக்கொண்டது. கேமரா பிழைக்கவில்லை.

இது நடந்தது இரண்டு மீட்டர் ஆழத்தில்தான். ஆழம் கூடினால்தான் நீர் புகும் என்று பலர் நினைக்கின்றனர். உண்மையில், ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தமே கதவை வளையத்தின் மீது இறுக்கி அமுக்குகிறது. மேற்பரப்பில் அந்த இறுக்கம் குறைவு. அதனால், சரியாக மூடப்படாத கூட்டில் கரையருகிலேயே நீர் கசிவது வழக்கம்.

இப்பொழுது நான் பின்பற்றும் முறை இது:

• கூட்டை முதல் நாள் இரவே, விசிறியை நிறுத்திவிட்டு, அறைக்குள் வைத்து மூடுகிறேன். தலையில் துண்டு கட்டிக்கொள்கிறேன். நண்பர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

• ஓ-வளையத்தை விரல்களால் மெதுவாகக் கழற்றி, வெளிச்சத்தில் சுற்றிப் பார்க்கிறேன். அது அமரும் பள்ளத்தைப் பஞ்சுக்குச்சியால் துடைக்கிறேன். கத்தி, ஊசி போன்ற கூரிய பொருள்களை வளையத்தின் அருகில் கொண்டு செல்வதில்லை.

• தயாரிப்பாளர் குறிப்பிட்ட சிலிக்கோன் கிரீஸை மட்டும் மிகச் சிறிதளவு தடவுகிறேன். வளையம் பளபளக்க வேண்டும். கிரீஸ் திட்டாகத் தெரியக்கூடாது. அதிகமாகப் பூசினால் அதுவே தூசியை இழுத்து ஒட்டிக்கொள்ளும்.

• கேமரா இல்லாமல், கூட்டுக்குள் மெல்லிய தாளை மடித்து வைத்து மூடி, விடுதி வாளி நீரில் அரை மணி நேரம் அமுக்கி வைக்கிறேன். தாள் நனையவில்லை என்றால்தான் கேமரா உள்ளே போகும்.

• குளிரூட்டிய அறையில் மூடினால் உள்ளே ஈரக்காற்று குறைவாக இருக்கும். ஒரு சிறு சிலிக்கா ஜெல் பொட்டலத்தையும் உள்ளே வைத்தால் கண்ணாடியில் பனி படியாது. மூடிய கூட்டைப் படகில் வெயிலில் வைக்கக்கூடாது.

• கடலிலிருந்து வந்ததும் கூட்டைத் திறக்காமலேயே நன்னீரில் ஊற வைத்து, பொத்தான்களை நீருக்குள் பலமுறை அழுத்துகிறேன். உப்பு காய்ந்து படிகமானால் பொத்தான்களின் இடுக்கில் உள்ள சிறு வளையங்களை அது அறுத்துவிடும்.

தானே நீர் புகாத கேமராவை வைத்திருப்பவர்களும் மின்கலக் கதவின் ஓரத்தை இதே கவனத்துடன் பார்க்க வேண்டும். அங்கேயும் ரப்பர் விளிம்பு ஒன்று உண்டு.

4. கடல்நீர் ஒளியை என்ன செய்கிறது?

நினைவட்டையில் இருந்த என் முதல் 43 படங்களைக் கணினியில் திறந்தபோது அனைத்தும் நீலமாக இருந்தன. கண்ணுக்கு அத்தனை நிறமாகத் தெரிந்த மீன்கள் படத்தில் சாம்பல் பூசியவை போல் இருந்தன. இயற்பியல் மாணவனான எனக்குக் காரணம் தெரிந்திருக்க வேண்டும். தேர்வுக்குப் படித்ததைக் கடலில் நினைக்கவில்லை.

நீர், ஒளியின் எல்லா நிறங்களையும் ஒரே அளவில் விழுங்குவதில்லை. தெளிந்த கடல்நீரிலும் சிவப்பு நிறம் முதல் 5 மீட்டருக்குள் பெரும்பாலும் மங்கிவிடும். அடுத்து, ஏறக்குறைய 10 மீட்டரில் செம்மஞ்சளும், 20 மீட்டரில் மஞ்சளும் மறைகின்றன. நீலம் மட்டும் நெடுந்தொலைவு செல்லும். நம் மூளை இதை ஓரளவு ஈடு செய்துகொள்வதால் கண் ஏமாறுகிறது. கேமரா உள்ளதை உள்ளபடி காட்டுகிறது.

இங்கே ஒரு சிறு கணக்கு. ஒரு மீன் 3 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. நீங்கள் அதே ஆழத்தில் அதிலிருந்து 2 மீட்டர் தள்ளி இருக்கிறீர்கள். சூரிய ஒளி 3 மீட்டர் இறங்கி, மீனில் பட்டு, மேலும் 2 மீட்டர் கடந்து உங்கள் லென்சை அடைகிறது. ஆக மொத்தம் 5 மீட்டர் நீர். சிவப்பு போய்விட்டது. அதே மீனை அரை மீட்டர் தொலைவிலிருந்து எடுத்தால் மொத்தம் 3.5 மீட்டர்தான். ஆகவே, நிறம் ஆழத்தால் மட்டுமன்று, தொலைவாலும் போகிறது என்பதை நினைவில் கொள்க.

இன்னொன்று, ஒளிவிலகல். நீரின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 1.33. தட்டையான கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது 1 மீட்டர் தொலைவில் உள்ள பொருள் 75 சென்டிமீட்டரில் இருப்பது போல் தோன்றும். மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் தெரியும். கைநீட்டித் தொட முயன்றால் கை எட்டாது. கேமராவுக்கும் இதே நிலைதான். நிலத்தில் 28 மி.மீ. அகலக் கோணம் தரும் லென்ஸ், தட்டையான கண்ணாடிக்குப் பின்னால் ஏறக்குறைய 37 மி.மீ. லென்ஸ் போலக் குறுகிவிடும். ஆகவே, உருப்பெருக்கியைப் பயன்படுத்தாமல், கேமராவை எப்போதும் அதன் மிக அகலமான நிலையிலேயே வைத்திருங்கள்.

5. நெருங்குக, பிறகு இன்னும் நெருங்குக

மேற்சொன்ன கணக்கிலிருந்து கிடைக்கும் விதி ஒன்றே: பொருளுக்கும் லென்சுக்கும் இடையே உள்ள நீரைக் குறைக்க வேண்டும். பெரிய பொருளாயினும் ஒரு மீட்டருக்குள் நின்று எடுங்கள். சிறிய மீனாயின் முப்பது, நாற்பது சென்டிமீட்டர் போதும். மெக்ரோ எனப்படும் அண்மைநிலையில் கேமராவை வைத்தால் இன்னும் நெருங்கலாம்.

ஆனால், நெருங்குவது என்பது துரத்துவதன்று. துரத்தினால் கிடைப்பது மீனின் வால் மட்டுமே. என் முதல் 43 படங்களில் வால்கள் எத்தனை என்று எண்ணினேன், 19. கோமாளி மீன் தன் கடற்சாமந்தியை விட்டு வெகுதூரம் போகாது. ஓரிடத்தில் அசையாமல் மிதந்திருந்தால், ஓடி ஒளிந்த மீன் இரண்டு மூன்று நிமிடங்களில் தானே வெளியே வந்து நம்மைப் பார்க்கும். அப்போது அதன் கண்ணில் குவியத்தை வைத்து எடுக்க வேண்டும்.

மேலிருந்து கீழ்நோக்கி எடுத்த படத்தில் மீன் பாறையோடு கலந்து மறைந்துவிடும். மீனின் மட்டத்துக்கு இறங்கி, சற்றே மேல்நோக்கி எடுத்தால் பின்னணியில் நீல நீர் வரும். மீன் தனித்துத் தெரியும்.

நேரமும் முக்கியம். காலை ஒன்பது மணி முதல் பிற்பகல் இரண்டு மணி வரை சூரியன் உயரத்தில் இருப்பதால் ஒளி நீருக்குள் நன்கு இறங்கும். மாலையில் சாய்ந்த ஒளியில் அதிகப் பங்கு மேற்பரப்பிலேயே தெறித்துவிடும்.

6. கேமராவில் செய்ய வேண்டிய அமைப்புகள்

பிளாஷ்: முதலில் அதை அணைத்துவிடுங்கள். கேமராவிலேயே உள்ள பிளாஷ், லென்சுக்கு மிக அருகில் இருப்பதால், இடையே மிதக்கும் துகள்களை ஒளியேற்றிவிடும். படம் முழுவதும் பனி பெய்தது போல் வெள்ளைப் புள்ளிகள் விழும். மிக நெருங்கி எடுக்கும் சிறு பொருள்களுக்கு மட்டும், ஒளியைப் பரப்பும் வெள்ளைத் தகட்டைக் கூட்டில் பொருத்திப் பயன்படுத்தலாம். தேர்ந்தவர்கள் தனி விளக்கைக் கரம் ஒன்றில் பொருத்திப் பக்கவாட்டில் தள்ளி வைப்பதும் இக்காரணத்தால்தான்.

வெண்சமநிலை: இதுதான் வெள்ளை நிறம் என்று கேமராவுக்கு நாமே காட்டிக் கொடுப்பது. நான் ஐஸ்கிரீம் டப்பாவின் வெள்ளை மூடியில் ஒரு துண்டை வெட்டி, நூலில் கட்டி, மணிக்கட்டில் மாட்டிக்கொள்கிறேன். படம் எடுக்கப்போகும் ஆழத்தில் அதைக் காட்டி அமைப்பைச் செய்கிறேன். ஆழம் மாறினால் மறுபடியும் செய்ய வேண்டும். வெள்ளை மணலையும் காட்டலாம். இவ்வசதி இல்லாத கேமராவில் நீரடி நிலை என்ற தேர்வு இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

ஷட்டர் வேகம்: மீனும் அசைகிறது, நீங்களும் அசைகிறீர்கள். வினாடியில் 125-இல் ஒரு பங்கு அல்லது அதைவிட விரைவான வேகம் வேண்டும். ஐ.எஸ்.ஓ. அளவை 100 முதல் 400 வரை வைத்துப் பாருங்கள்.

பாதி அழுத்தம்: சிறு கேமராக்களில் பொத்தானை அழுத்துவதற்கும் படம் பதிவாவதற்கும் இடையே சிறு தாமதம் உண்டு. முன்கூட்டியே பொத்தானைப் பாதி அழுத்திக் குவியத்தைப் பூட்டி வைத்துக்கொண்டு, மீன் திரும்பும் நேரத்தில் முழுவதும் அழுத்தினால் தாமதம் குறையும்.

சேமிப்பு: மூலவடிவில் சேமித்தால் நிறத்தைப் பிறகு கணினியில் திருத்த இடமிருக்கும். ஆனால், நீரே விழுங்கிவிட்ட நிறத்தை எந்த மென்பொருளும் முழுமையாக மீட்டுத் தராது.

இவற்றையெல்லாம் கடலில் இறங்கிப் பழகாதீர்கள். நீச்சல்குளத்தின் அடியில் இருபது சென் நாணயத்தைப் போட்டு, அதன் எழுத்துகள் தெளிவாகத் தெரியும்வரை எடுத்துப் பழகுங்கள். எனக்கு அதற்கு மூன்று மாலைகள் ஆயின.

7. நான் உடைத்த பவளம்

இனி, முன்னர்ச் சொன்ன இரண்டாவது தவறு.

விடுதிக்குத் திரும்பி அந்த 43 படங்களையும் வரிசையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினேழாவது படத்தில் ஒரு கோமாளி மீன், அதன் அருகே மான்கொம்புப் பவளம் ஒன்று முழுமையாகத் தெரிந்தது. அதே மீனை விடாமல் துரத்தி எடுத்த இருபத்து மூன்றாவது படத்தில், அந்தப் பவளத்தின் ஒரு கிளையைக் காணவில்லை. முறிந்த இடம் புதிய சுண்ணாம்பு போல் வெள்ளையாக இருந்தது. கிளை கீழே மணலில் கிடந்தது. இரண்டு படங்களுக்கும் இடையே நான்கு நிமிடங்கள். அங்கே என்னைத் தவிர வேறு யாரும் இல்லை. என் இடக்கால் துடுப்பு எதிலோ இடித்தது நினைவுக்கு வந்தது. அப்போது அதைக் கல் என்று நினைத்து, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பவளம் கல்லன்று. பாலிப்புகள் எனும் சிறு விலங்குகள் கூட்டமாக வாழ்ந்து கட்டிய வீடு அது. கிளைவிடும் பவளம் ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டர் வரை வளரக்கூடும். பெரும்பாறை போல் உள்ள பவளங்களோ ஆண்டுக்கு ஏறக்குறைய 2 சென்டிமீட்டருக்கு மேல் வளர்வதில்லை. பெர்ஹெந்தியான் தீவைச் சுற்றியுள்ள நீர்ப்பரப்பு 1994-இல் கடல் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. மீன் பிடிப்பதும் பவளம் எடுப்பதும் அங்கே சட்டப்படி குற்றம். நான் எதையும் எடுத்து வரவில்லை. ஆனாலும் ஒன்றை முறித்துவிட்டு வந்தேன். அந்தப் படம் இல்லாவிட்டால் எனக்கே தெரிந்திருக்காது.

அண்ணனிடம் படத்தைக் காட்டினேன். அவர் திட்டவில்லை. “அதுக்குத்தான் தம்பி மிதந்து பழகச் சொன்னேன்” என்றார். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து நான் கடைப்பிடிக்கும் விதிகள் சில:

• கேமரா இல்லாமல் ஒரு நாள் முழுவதும் மிதந்து பழகாமல் கேமராவைத் தொடுவதில்லை. கைகளைப் பயன்படுத்தாமல், காலை உதைக்காமல், ஒரே இடத்தில் இரண்டு நிமிடம் மிதக்க முடிந்தால்தான் பவளத்தின் அருகே போகிறேன்.

• பவளத்தின் மேல் நிற்பதில்லை, பிடித்துக்கொள்வதும் இல்லை. முகக்கண்ணாடியில் நீர் புகுந்தால் மணற்பரப்பின் மேலே நகர்ந்து போய்ச் சரி செய்கிறேன்.

• திரையைப் பார்க்கும்போது கால் எங்கே இருக்கிறது என்பது மறந்துவிடும். ஆகவே, ஒவ்வொரு படத்துக்கும் முன்னும் பின்னும் காலைத் திரும்பிப் பார்க்கிறேன்.

• ஆமையை வழிமறிப்பதில்லை. அது மூச்சு விட மேலே வந்தாக வேண்டும். பக்கவாட்டில் தள்ளி நின்று, பிளாஷ் இல்லாமல் எடுக்கிறேன்.

• படத்துக்காக மீன்களுக்கு ரொட்டி போடுவதில்லை. வெயிலுக்கு நீண்ட கைச்சட்டை அணிந்து, தோலில் பூசும் களிம்பைக் குறைத்துக்கொள்கிறேன்.

• டைட்டன் டிரிகர்பிஷ் எனும் பெரிய கிளாத்தி மீன் கூடு காக்கும் காலத்தில் கடிக்க வரும். தன் கூட்டிலிருந்து மேல்நோக்கி விரியும் பகுதியை அது தன் எல்லையாகக் கருதுவதால், மேலே எழும்பாமல் பக்கவாட்டில் நீந்தி விலக வேண்டும். எந்தப் படமும் அந்தக் கடிக்கு ஈடாகாது.

8. ஒரே இடம், மூன்று ஆண்டுகள்

வேறொரு பழைய கேமராவுக்குப் பணம் சேர்க்க எனக்கு ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. 2024 ஜூன் மாதம் மறுபடியும் அங்கே சென்றேன். பதினேழாவது படத்தை அச்செடுத்து, அதிலிருந்த பாறையின் வடிவத்தைக் கொண்டு அதே இடத்தைத் தேடிக் கண்டுபிடித்தேன். முறிந்த கிளை வளர்ந்திருக்கிறதா என்று பார்க்கவே ஆவல். ஆனால், பவளம் முழுவதுமே வெள்ளையாக இருந்தது. அதன் அருகில் இருந்தவையும் வெளுத்திருந்தன.

கடல்நீர் வழக்கத்தைவிட அதிகமாகச் சூடாகி, அந்நிலை வாரக்கணக்கில் நீடித்தால், தம்முள் வாழ்ந்து நிறமும் உணவும் தரும் நுண்பாசிகளைப் பவளங்கள் வெளியேற்றிவிடுகின்றன. இதுவே பவள வெளுப்பு. வெளுத்த பவளம் உடனே இறந்துவிடுவதில்லை. நீர் விரைவில் குளிர்ந்தால் மீளக்கூடும். 2010-இல் இத்தகைய வெளுப்பு ஏற்பட்டபோது நம் நாட்டுக் கடல் பூங்காக்களில் சில முக்குளிப்பு இடங்களைச் சில மாதங்கள் மூடினார்கள். 2024 ஏப்ரலில், உலக அளவிலான நான்காவது பவள வெளுப்பு நிகழ்ந்துகொண்டிருப்பதாக அறிவியலாளர்கள் அறிவித்தனர். நம் கடலும் அதற்குத் தப்பவில்லை.

2025-இல் மூன்றாம் முறை சென்று அதே கோணத்தில் எடுத்தேன். சில கிளைகள் பழுப்பு நிறத்துக்குத் திரும்பியிருந்தன. பல கிளைகளில் பாசி படர்ந்திருந்தது. நான் முறித்தது எது என்று இப்போது என்னால் அடையாளம் காண முடியவில்லை.

உலகக் கடலே சூடாகும்போது என் கால்பட்டு முறிந்த ஒரு கிளை பெரிதா என்று ஒரு நண்பர் கேட்டார். பெரிதுதான் என்றேன். வெப்பத்தால் தளர்ந்த பவளத்துக்கு மிஞ்சியிருக்கும் ஒவ்வொரு கிளையும் தேவை. கடலின் சூட்டைத் தணிக்க என்னால் முடியாது. என் காலை அடக்க முடியும்.

ஆகவே, இதைப் படிக்கும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். அழகான படங்களோடு, ஒரே இடத்தை ஆண்டுதோறும் ஒரே கோணத்தில் எடுத்த படம் ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். நாள், நேரம், ஆழம் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். என் மூன்று படங்களும் கலையழகில் சாதாரணமானவை. ஒன்று முழு நீலம். ஆனால், அந்தப் பாறைக்கு என்ன நடந்தது என்பதற்கு என்னிடம் உள்ள சான்று அவை மட்டுமே. இதில் மேலும் ஆர்வம் உள்ளவர்கள், ரீஃப் செக் மலேசியா போன்ற அமைப்புகள் தன்னார்வலர்களுக்கு அளிக்கும் பவளப்பாறைக் கணக்கெடுப்புப் பயிற்சியைப் பற்றி விசாரித்துப் பார்க்கலாம்.

நிறைவாக

நல்ல நீரடிப் படத்துக்குத் தேவையானவற்றை வரிசைப்படுத்தச் சொன்னால், அசையாமல் மிதப்பது, பொறுமையாக நெருங்குவது, ஓ-வளையத்தைத் துடைப்பது, கேமரா என்ற வரிசையில் சொல்வேன். விலையுயர்ந்த பொருளாகிய கேமரா கடைசியில்தான் வருகிறது என்பது மாணவர்களாகிய நமக்கு நல்ல செய்தி.

2025-இல் எடுத்த ஆமைப் படம் ஒன்றை அம்மாவிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “இத எடுக்கறப்ப நீ எவ்வளவு ஆழத்துல இருந்த?” என்று கேட்டார். இரண்டு மீட்டர் என்றேன். “கூட யார் இருந்தா?” என்றார். அண்ணன் இருந்தார் என்றேன். அதன் பிறகுதான் படம் நன்றாக இருக்கிறது என்றார். நீரில் இறங்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகளும் அவ்விரண்டுதாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

நீந்தப் பழகுங்கள்; துணையோடு செல்லுங்கள்; படம் எடுத்து வாருங்கள்.